பாட்டாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கம்போளம்: பழைய நாகர்கோவில் தெருப் படங்கள் இருந்தால் பகிருங்கள்

கோட்டாறு பேரன்
ஞாயிறு, இரவு 9.10

கோட்டாற்றில் எங்கள் பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும் முன் மச்சைக் காலி செய்தோம். அங்கே பாட்டாவின் டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. பத்திரங்கள், துருப்பிடித்த தராசுத் தட்டு, அடியில் பழைய வேட்டித் துணியில் பொதிந்து வைத்த பதினேழு புகைப்படங்கள். பதினான்கில் எங்கள் வீட்டு ஆட்கள்: கல்யாணம், சடங்கு, பாட்டாவும் ஆச்சியும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பது. மீதி மூன்றில் தெரு மட்டும்தான். அந்த மூன்றையும் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறேன்.

படம் 1: கோட்டாறு கம்போளம், அதாவது மொத்தக்கடைத் தெரு, என்று நினைக்கிறேன். பாட்டாவுக்கு அங்கே சுக்கு, மிளகு மொத்தக்கடை இருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டுக்கூரைக் கடைகள், நிரைப்பலகைகள் பாதி கழற்றியபடி. நடுவில் இரண்டு காளை வண்டிகளிலிருந்து மூட்டை இறக்குகிறார்கள். தலையில் சும்மாட்டோடு ஒருவர் காமிராவையே பார்க்கிறார். தெருவுக்குக் குறுக்கே குருத்தோலைத் தோரணமும் காகிதக் கொடிகளும் கட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பாட்டா கையெழுத்தில் ‘1132 ஐப்பசி’ என்று இருக்கிறது. 1132 என்பது என்ன கணக்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

படம் 2: மூன்றில் இது ஒன்றுதான் கலர். வடசேரி பஸ் நிலையம். பஸ்ஸின் பக்கவாட்டில் ‘நேசமணி’ என்ற எழுத்து தெரிகிறது.

படம் 3: எந்த இடம் என்றே தெரியவில்லை. ஒரு பாலம், கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த இரண்டு பையன்கள், வலது ஓரத்தில் ஒரு சுவர், ஒரு அரசாங்கப் பலகை, தூரத்தில் மலை.

பார்த்தவர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் இருப்பதையும் போடுங்கள்.


வடசேரி டீச்சர்
ஞாயிறு, இரவு 10.02

தம்பி, அது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் பத்திரம், ஜாதகம், கடைக்குறிப்பு எல்லாம் அதில்தான் எழுதினார்கள். என் அம்மா தன் பிறந்த வருஷத்தைக் கடைசிவரை கொல்லத்தில்தான் சொன்னார். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும், அதற்குப் பிறகு 825.

ஆக, 1132 ஐப்பசி என்றால் 1956 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. அந்த மாதம் எது என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்று பிறந்ததுதான் நம் கன்னியாகுமரி மாவட்டம்.

உங்கள் பாட்டா பெட்டியில் வைத்திருந்தது அந்த மாதத்துக் கம்போளம்.


கோட்டாறு பேரன்
ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், படிக்கும்போதே மயிர்க்கூச்செறிந்தது. அப்படியானால் அந்தத் தோரணம் இணைப்பைக் கொண்டாடக் கட்டியதா?


வடசேரி டீச்சர்
ஞாயிறு, இரவு 10.31

அவசரப்பட வேண்டாம். எனக்கும் அப்படி இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் அந்த வருஷம் தீபாவளியும் நவம்பர் முதல் வாரத்தில்தான் வந்தது. கம்போளத்துக் கடைக்காரர்கள் தீபாவளிக்கும் தோரணம் கட்டுவார்கள், கோயில் கொடைக்கும் கட்டுவார்கள். படத்தில் எங்காவது பலகையோ கொடியில் எழுத்தோ தெரிந்தால் சொல்லலாம். தெரியாதவரை ‘இணைப்பு மாதத்துக் கம்போளம்’ என்று மட்டும் எழுதி வையுங்கள். அதுவே பெரிய விஷயம்.

இடது பக்கம் இரண்டாவது கடைப் பலகையில் மேலே மலையாளம், கீழே தமிழ் போல இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மங்குகிறது.


ஸ்டுடியோ மகன்
திங்கள், காலை 6.50

தம்பி, எந்த அளவில் ஸ்கேன் செய்தீர்கள்? இந்தக் கோப்பு மிகச் சிறியது. மூன்று அங்குலப் படத்தைக் குறைந்தது 600 டி.பி.ஐ.யில், முடிந்தால் 1200-இல் எடுங்கள். ‘டிஃப்’ கோப்பாகச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அதனால் மின்னஞ்சலிலோ டிரைவிலோ போடுங்கள். என் அப்பா செட்டிகுளம் பக்கம் நாற்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தார். இந்த மாதிரிப் படங்களில் முகத்தை விட்டுவிட்டு ஓரங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பார்.

படம் 2 எளிது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர் பெயர்களையெல்லாம் எடுத்தார்கள். ‘நேசமணி’ என்ற பழைய கழகப் பெயர் பஸ்ஸில் இருந்தால் அதற்கு முந்தையது. பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்கூட்டரின் எண்பலகையில் டி.என். 74 என்று தெரிகிறது. அந்த எண்முறை 1989-க்குப் பிறகுதான் வந்தது. ஆக, 1989-க்கும் 1997-க்கும் இடையில்.

படம் 1-இன் ஓரம் பூவேலை மாதிரி வெட்டியிருக்கிறது, பாருங்கள். நாற்பதுகளிலிருந்து அறுபதுகள்வரை அச்சிட்ட சின்னப் படங்களில் அதைப் பார்க்கலாம். டீச்சர் சொன்ன ஆண்டோடு பொருந்துகிறது.


ஒழுகினசேரி
திங்கள், காலை 8.20

படம் 3 எங்கள் ஊர். ஒழுகினசேரிப் பாலம், கீழே பழையாறு. எனக்குச் சந்தேகமே இல்லை.

எப்படித் தெரியும் என்றால், அந்த மலை. தாடகை மலை. ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போல நெற்றி, மூக்கு, மார்பு என்று கோடு போகும். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகும்போது பாலத்தில் நின்று ‘தாடகை எழுந்துவிட்டாளா’ என்று பார்த்துவிட்டுத்தான் போவோம். கட்டடம் மாறும், மரம் போகும், சாலை அகலமாகும். மலையின் கோடு மட்டும் அப்படியே இருக்கும். எங்கே எடுத்தது என்று தெரியாத படங்களில் மலையைத் தேடுங்கள். தாடகை தெரிந்தால் வடக்கே பார்த்து எடுத்தது, வேளிமலை தெரிந்தால் வடமேற்கே, மருத்துவாமலை தெரிந்தால் கன்னியாகுமரிப் பக்கம் திரும்பி எடுத்தது. நகருக்குள் இன்று பல இடங்களில் மாடிக் கட்டடங்கள் மலையை மறைத்துவிட்டன. பழைய படத்தில்தான் ஊர் எந்த மலையடிவாரத்தில் இருக்கிறது என்பதே தெரிகிறது.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஊர் எங்களுடையது. அவர் சிறுவனாக நடந்த தெரு எப்படி இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை. இந்த மாதிரி ஒன்றைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஏங்கினேன்.


ஸ்டுடியோ மகன்
திங்கள், இரவு 9.45

பேரன் பெரிய ஸ்கேன் அனுப்பினார். படம் 3-ஐ இரண்டு மணி நேரம் பார்த்தேன்.

வலது சுவரில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை வரைந்திருக்கிறது. காங்கிரஸ் பிளவுபடும் முன் இருந்த சின்னம். பிளவு 1969 நவம்பரில். அந்த ஆண்டு ஜனவரியில்தான் நாகர்கோவில் நாடாளுமன்ற இடைத்தேர்தல் நடந்து காமராஜர் ஜெயித்தார். பாலத்தின் அந்தப் பக்கம் இருக்கும் அரசுப் பலகையில் ‘தமிழ்நாடு’ என்று இருக்கிறது. ‘சென்னை மாநிலம்’ என்ற பெயர் ‘தமிழ்நாடு’ ஆனது 1969 ஜனவரி 14. அதே பலகையில் ‘லை’ பழைய துதிக்கை எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு எழுதியது.

எனவே 1969 ஜனவரிக்கு முந்தையது இல்லை. சுவரில் வண்ணம் இன்னும் பளிச்சென்று இருப்பதைப் பார்த்தால் தேர்தல் முடிந்து அதிக நாள் ஆகியிருக்காது. காமராஜர் ஜெயித்த கொஞ்ச நாளில் எடுத்த படம் என்று என் மனசு சொல்கிறது. உறுதி என்று சொல்ல மாட்டேன்.

படம் சதுரமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் ஊரில் கொஞ்சம் வசதியான வீடுகளில் இருந்த ‘அக்ஃபா கிளிக் 3’ காமிராவில் எடுத்தால் இப்படிச் சதுரமாகத்தான் வரும். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பன்னிரண்டில் ஒன்றைப் பாலத்துக்கும் இரண்டு பையன்களுக்கும் செலவு செய்திருக்கிறார் என்றால், எடுத்தவருக்கு அந்த இடம் பிடித்திருக்க வேண்டும்.


ஆசாரிபள்ளம் - ஷார்ஜா
செவ்வாய், மாலை 5.30

அண்ணே, மூன்று படங்களையும் ஒரு செயலியில் போட்டுக் கலராக்கிக் கூர்மைப்படுத்தினேன். இணைத்திருக்கிறேன். கம்போளம் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருக்கிறது.

படம் 2-ஐப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம். அவர் எழுபதுகளில் பம்பாய்க்கு வேலைக்குப் போனபோது நம் ஊருக்கு ரயிலே கிடையாது. திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்தும் 1981-இல் திருநெல்வேலியிலிருந்தும் பாதை வந்தது. அதற்கு முன் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு வழியனுப்பும் இடம் பஸ் நிலையம்தான். பஸ்ஸின் கூரையில் ஏணி வைத்து டிரங்குப் பெட்டி ஏற்றுவதை அம்மா இன்றும் சொல்வார்.


ஸ்டுடியோ மகன்
செவ்வாய், இரவு 8.15

தம்பி, ஆசையில் செய்திருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் படம் 1-இன் கடைப் பலகையைப் பாருங்கள். அசலில் மங்கலாக இருந்த எழுத்துகளை அந்தச் செயலி தானே இட்டுக்கட்டி எழுதியிருக்கிறது. அது மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை. சும்மாட்டுக்காரரின் முகம் வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிட்டது. அவருடைய பேரன் எங்காவது இருந்தால் இந்த முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாமல் கடந்துபோவார்.

கலராக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘கணினியில் வண்ணம் சேர்த்தது’ என்று படத்தின் மேலேயே எழுதிவிட்டு, அசலையும் சேர்த்தே பகிருங்கள். இரண்டு வருஷம் கழித்து அசல் எது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.


ஆசாரிபள்ளம் - ஷார்ஜா
செவ்வாய், இரவு 8.40

சரி அண்ணே. முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. எடுத்துவிட்டேன்.


தொடுவெட்டி
புதன், காலை 11.00

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரின் பழைய பெயர் தொடுவெட்டி என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். ‘தொடுவெட்டிச் சந்தைக்குப் போறேன்’ என்றுதான் எங்கள் ஆச்சி சொல்வார்.

எங்களிடம் ஒரு படம் உண்டு. எங்கள் துணிக்கடை திறந்த அன்று, வாசலில் வாழை கட்டி எடுத்தது. செந்துளுவன் குலை இரண்டு பக்கமும். கடைக்கு எதிரே சாலை, அதன்மேல் வெறும் வானம். இப்போது அதே வாசலில் நின்று நிமிர்ந்தால் இரும்பு மேம்பாலத்தின் அடிவயிறு தெரிகிறது. நெரிசல் குறைந்தது உண்மை. நேசமணி காலத்திலிருந்து பார்த்த அப்பாவே ‘முன்பெல்லாம் குழித்துறையிலிருந்து வர அரைமணி நேரம்’ என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் பகல் பதினொரு மணிக்குக் கடையில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் வாசல் திண்ணைமேல் வெயில் சாய்வாக விழுகிறது. அந்த வெயிலுக்காகவே அதைப் பெரிதாக்கிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

ஆடி அமாவாசையை ஒட்டி நடக்கும் குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் ஸ்டுடியோக்காரர்கள் திரை கட்டிப் படம் எடுப்பார்கள். தாஜ்மகால் திரைக்கு முன்னால் நிற்கும் குடும்பப் படம் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கும். அதை வைத்துத் தெருவைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் திரையின் ஓரம் விலகிய இடத்தில் சில சமயம் ராட்டினம் தெரியும். தேடிப் பாருங்கள்.


சுசீந்திரம் கிழக்கு
புதன், இரவு 10.20

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய தெரு அழகு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என்னிடமும் ஒரு பழைய படத்தின் நகல் இருக்கிறது. சுசீந்திரம் ரத வீதி, தேர் நிற்கிறது, கோபுரம் முழுசாகத் தெரிகிறது. பார்க்க அழகுதான். அதில் நூறு பேராவது இருப்பார்கள். எங்கள் ஆட்கள் ஒருவர்கூட இருக்க முடியாது. 1926-இல் சுசீந்திரத்தில் நடந்த சத்தியாக்கிரகம், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்க விட வேண்டும் என்பதற்காக. தெருவில் நடக்க. 1930-இல் மறுபடியும் போராடினார்கள். 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த பிறகுதான் எங்கள் கொள்ளுப்பாட்டா அந்த வீதி வழியாகக் கோயிலுக்குள் போனார். அதுவரை வயல் வரப்பைச் சுற்றித்தான் போவாராம்.

எங்கள் வீட்டில் 1970-க்கு முந்தைய படம் ஒன்றுகூட இல்லை. காமிரா வைத்திருந்தவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை, ஸ்டுடியோவுக்குப் போக எங்களிடம் காசு இல்லை. நீங்கள் சேர்க்கும் படங்களில் எந்தத் தெருக்கள் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் நூறு வருஷம் கழித்துப் பார்க்கிறவர் நாங்கள் இந்த ஊரிலேயே இருக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.


வடசேரி டீச்சர்
வியாழன், காலை 7.05

தப்பாக எடுக்க இதில் ஒன்றுமே இல்லை ஐயா. முப்பத்தைந்து வருஷம் வரலாறு நடத்தியவள் நான். ரத வீதிப் படத்தைப் பாடத்தில் காட்டியிருக்கிறேன், அதில் யார் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று இரவு உங்கள் பதிவைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

ஒரு வேண்டுகோள். உங்கள் கொள்ளுப்பாட்டா போன அந்த வரப்பு வழி எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, இன்று அந்த இடம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுங்கள். வீடாகியிருக்கலாம், தார்ச்சாலையாகியிருக்கலாம். ரத வீதிப் படத்துக்குப் பக்கத்தில் அதையும் வைப்போம்.


சுசீந்திரம் கிழக்கு
வியாழன், காலை 7.30

அம்மாவுக்கு வழி தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன் டீச்சர்.


கோட்டாறு பேரன்
வியாழன், மதியம் 1.15

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடியும் படம் 1-ஐப் பார்த்தேன். சும்மாட்டுக்காரரின் பெயரைப் பாட்டா எழுதவில்லை. மாதத்தையும் ஆண்டையும் எழுதத் தெரிந்தவருக்கு, தினமும் தன் கடையில் மூட்டை இறக்கியவரின் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்? பாட்டாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது எனக்கு வலிக்கிறது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு இந்த வாரம் கம்போளத்துக்கு எடுத்துப் போகிறேன். சுமை தூக்கியவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.


தேரூர்க்காரன்
வியாழன், மாலை 6.40

என்னிடம் படம் இல்லை, சொல்ல மட்டும் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களே பழைய படம்தான். ‘மூடு’ என்றால் மரத்தின் அடி. வேப்பமூடு, ஆலமூடு, புளியமூடு என்று எத்தனை இடம். மரம் போய்ப் பல காலம் ஆன இடத்திலும் பஸ் நடத்துநர் ‘வேப்பமூடு இறங்கு’ என்கிறார். அடுத்த முறை யாராவது அந்தச் சந்திப்பின் பழைய படத்தைப் போட்டால் மரம் எந்த மூலையில் நின்றது என்று வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

மணிமேடை இருக்கும் படங்கள் யாரிடமாவது இருக்கும். 1893-இல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டிய மணிக்கூண்டுக் கோபுரம் அது, இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. அதை நடுவில் வைத்துக்கொண்டால் சுற்றியுள்ள கடைகள் எப்போது மாறின என்று வரிசையாக அடுக்கலாம். எங்கள் தேரூர்க் குளத்துக்கு அப்படி ஒரு கோபுரம் இல்லாததால் கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று காட்ட வழியில்லை. பறவைகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் பறவையை மட்டும் எடுக்காமல் கரையையும் சேர்த்து எடுத்தால் நல்லது.


கொட்டில்பாடு
வெள்ளி, இரவு 11.50

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

நான் குளச்சல் பக்கம் கொட்டில்பாடு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் எங்கள் தெருவே போனது. அம்மா அதில் போனார்கள். ஆல்பம், மரப்பெட்டி, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவுக்கு ரேஷன் கார்டில் இருந்த படத்தின் நகலை ஒரு அலுவலகத்தில் கேட்டு வாங்கினோம். அதுதான் வீட்டில் மாலை போட்டு இருக்கிறது. அதில் அம்மா அம்மா மாதிரி இல்லை.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் இப்போது இருக்கிறோம், நல்ல வீடு. ஆனால் என் பிள்ளைகளிடம் ‘இங்கேதான் நான் விளையாடினேன்’ என்று காட்ட ஒன்றும் இல்லை. மணலில் நின்று கையை நீட்டிக் காட்டுவேன், அவர்கள் கடலைப் பார்ப்பார்கள். யாரிடமாவது அந்தப் பக்கத்துத் தெருப் படம் இருந்தால், எப்படிப்பட்ட படமாக இருந்தாலும் சரி, ஒரு தடவை பார்க்க வேண்டும்.


ஸ்டுடியோ மகன்
சனி, காலை 6.10

தம்பி, இருக்கும். கண்டிப்பாக இருக்கும். நான் ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் தெருவைப் படம் எடுக்க வேண்டும் என்று யாரும் காசு செலவழித்ததில்லை. அப்பா எடுத்த ஆயிரக்கணக்கான நெகட்டிவில் தெரு வேண்டும் என்று எடுத்தது கைவிரலுக்குள் அடங்கும். ஆனால் கல்யாணத்தில் மாப்பிள்ளை நடந்து வருவார், அவருக்குப் பின்னால் தெரு. திருவிழாச் சப்பரம் வரும், அதற்குப் பின்னால் தெரு. புதுச் சைக்கிள் வாங்கினவர் அதன் பக்கத்தில் நிற்பார், அவருக்குப் பின்னால் தெரு. அன்றைக்கு அது பின்னணி. இன்றைக்கு நாம் தேடுவது அதைத்தான்.

ஆகவே எல்லோரிடமும் கேட்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கம் பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள் தங்கள் ஆல்பத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தாலி கட்டுகிற பக்கத்தைத் தாண்டுங்கள். கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வருகிற பக்கங்களைப் பாருங்கள்.

பார்க்கும்போது சில கவனங்கள். ஒட்டும் பசைத் தாளில் பதித்த ஆல்பம் என்றால் படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், கிழியும். ஆல்பத்தோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல், மேலிருந்து நேராகக் கைபேசியில் எடுங்கள். மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தூக்க முடிந்தால் தூக்கிவிடுங்கள். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. வருஷத்தில் பாதி ஈரம். பீரோவின் அடித்தட்டில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், நடுத்தட்டில் வையுங்கள். நெகட்டிவில் வினிகர் வாசனை வந்தால் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள், உடனே ஸ்கேன் செய்யுங்கள், மற்றவற்றிலிருந்து தனியாக வையுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யவே கூடாது, திரும்ப எடுக்க முடியாது. பின்பக்கம் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சில், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும்.


கோட்டாறு பேரன்
ஞாயிறு, மாலை 4.00

கம்போளம் போய் வந்தேன். படத்தில் இருக்கும் கடைகளில் இரண்டின் ஓட்டுக்கூரை இன்னும் இருக்கிறது, முகப்பு மட்டும் ஷட்டர். படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடித்து அதே கோணத்தில் நானும் ஒன்று எடுத்தேன்.

சுமை தூக்கும் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், படத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சும்மாட்டுக்காரரை அவருக்குத் தெரிகிறது. தன் மாமா முறை என்று சொல்லி ஒரு பெயரும் சொன்னார். அவருடைய பேத்தி இருளப்பபுரத்தில் இருக்கிறாராம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன். உறுதியானதும் பாட்டா எழுதிய வரிக்குக் கீழே எழுதுவேன். தோரணம் எதற்கு என்று கேட்டேன். “அது ஞாபகம் இல்லை மக்கா, அன்றைக்கு மூட்டை அதிகம்” என்றார்.


ஒழுகினசேரி
ஞாயிறு, இரவு 7.15

அதிக மூட்டை என்றால் தீபாவளிச் சரக்காக இருக்கலாம். டீச்சர் சொன்னது சரியாக இருக்கும் போலிருக்கிறது.


ஆசாரிபள்ளம் - ஷார்ஜா
ஞாயிறு, இரவு 10.30

கொட்டில்பாடு அண்ணனுக்கு. என் பெரியம்மா மகளைக் கொட்டில்பாட்டில்தான் கட்டிக் கொடுத்தார்கள், 1992-இல். மைனியிடம் (அண்ணியிடம்) சொல்லி ஆல்பத்தை எடுக்கச் சொன்னேன். ஸ்டுடியோ அண்ணன் சொன்ன மாதிரி ஜன்னல் பக்கம் வைத்து நான்கு படம் அனுப்பினார்கள். கோயிலிலிருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் பேண்டு வாத்தியத்தோடு நடந்து வருகிறார்கள். கலர் சிவப்பாக வெளிறிவிட்டது. நான் ஒன்றையும் திருத்தவில்லை, செயலியில் போடவில்லை. அப்படியே இணைத்திருக்கிறேன்.


கொட்டில்பாடு
ஞாயிறு, இரவு 11.20

மூன்றாவது படம். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் ஓலை வேலி தெரிகிறது, அதற்கு அடுத்து நீலக் கதவு. அது எங்கள் வீடு. வேலியில் காய்வது அப்பாவின் வலை. வாசல் படியில் இடுப்பில் பிள்ளையோடு நின்று ஊர்வலத்தைப் பார்ப்பது அம்மா. இடுப்பில் இருப்பது என் தங்கை.

சிரிக்கிறார்கள்.


ஆசாரிபள்ளம் - ஷார்ஜா
ஞாயிறு, இரவு 11.41

அண்ணே, அசல் படத்தையே உங்களுக்குத் தர மைனி சம்மதித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், நானே கொண்டுவந்து தருகிறேன். அதற்கு முன் பின்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்கிறார்கள். அம்மா பெயர் என்ன?


கொட்டில்பாடு
ஞாயிறு, இரவு 11.58

தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தம்பி. தங்கை பெயரும் சேர்த்து. பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.